ஒரு சொட்டுத் தண்ணீர்

ஒரு விஷயத்தை மூன்று தடவை செய்து பார், மூன்று தடவையும் ஒரே மாதிரி வந்தால்தான் அது உண்மை என்று எழுது. இப்படிப் பழக்கப்பட்டவள் நான். ஏழு வருடம் கெமிஸ்ட்ரி லேபில் குப்பை கொட்டியவள். பேய், ஆவி, கனவில் வந்து சொன்னார்கள் என்பதெல்லாம் எனக்கு ஆகவே ஆகாது. எங்கள் சைதாப்பேட்டைத் தெருவில் ஆடி மாதம் யாருக்காவது சாமி வந்தால் மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், நான் அந்த அம்மா காலையில் சாப்பிட்டாரா இல்லையா என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. நடந்தது ஒரே ஒரு தடவை. எங்கள் லேபின் கணக்குப்படி அது நடக்கவே இல்லை. ஆனால் நடந்தது.

முதலில் நஸ்ரீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இதில் ஒன்றும் புரியாது.

நானும் நஸ்ரீனும் ஒரே நாளில் பிஎச்.டி. சேர்ந்தோம். ஒரே கைடு, ஒரே லேப். பெயர் வேண்டாம், அடையாறு பக்கத்தில் உள்ள பல்கலைக்கழகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மேஜை வாஷ்பேசின் பக்கம், அவளுடையது ஜன்னல் பக்கம். அவள் மயிலாப்பூர். அவள் அப்பா தி.நகரில் பையும் சூட்கேஸும் விற்கும் கடை வைத்திருந்தார். என் அப்பா ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். இரண்டு வீட்டிலும் இந்தப் படிப்பு எதற்கு, எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது, அதனாலேயே நாங்கள் ஒட்டிக்கொண்டோம் என்று நினைக்கிறேன். மத்தியானம் அவள் டப்பாவை நான் சாப்பிடுவேன், என்னுடையதை அவள்.

அவள் கை அப்படி. சிலருக்குச் சமையல் கைமணம் என்பார்களே, அதுபோல அவளுக்கு ரியாக்‌ஷன். நான் தராசில் நாலாவது தசமம் வரை பார்த்து நிறுத்துப் போட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிற்பேன், வராது. அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே, ஃபிளாஸ்க்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இப்ப எடுத்துடலாம்டி" என்பாள், வந்துவிடும். எனக்கு அவளைப் பிடிக்கும். அவள் கை எனக்குப் பிடிக்காது. இரண்டும் ஒரே சமயத்தில் ஒருவருக்குள் இருக்க முடியும் என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

மூன்றாவது வருடம், ஐப்பசி கார்த்திகை மழையில், அவள் ஒரு மூலக்கூறு செய்தாள். அதைச் செய்யும் முறையில் ஆறாவது படி யாருக்கும் வராத படி. அவளுக்கு வந்தது. ஊசி ஊசியாக வெள்ளைப் படிகம், மூன்று தடவை. அது அந்த மூலக்கூறுதான் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தையும் எடுத்துக் காட்டினாள். எங்கள் கைடு சார் ரொம்ப சந்தோஷப்பட்டார். கட்டுரை எழுதி அனுப்புவதற்கு முன்னால், வேறு ஒரு கை அதைச் செய்து பார்க்க வேண்டும் என்று என்னிடம் கொடுத்தார். அதுதான் வழக்கம், அதில் தப்பில்லை.

நான் செய்தது மே மாதத்தில். அவள் மேஜையில் இருந்த சால்வென்ட், அதாவது கரைப்பான் பாட்டிலின் மூடி விரிசல் விட்டிருந்தது, அசிங்கமாக இருக்கிறதே என்று அதைக் கொட்டிவிட்டு, நானே புதிதாக, ஈரம் துளியும் இல்லாமல் காய்ச்சி வடித்து எடுத்துக்கொண்டேன். ஏசியைப் போட்டு, எல்லாவற்றையும் புத்தகத்தில் சொன்னபடி சுத்தமாகச் செய்தேன். தார் மாதிரி ஒரு பழுப்புக் குழம்பு வந்தது. ஏழு தடவை செய்தேன், ஏழு தடவையும் அதே குழம்பு.

அந்த வருடம் ஜெர்மனியில் ஒரு லேபுக்கு ஆறு மாதம் அனுப்ப எங்கள் இருவரில் ஒருவரை சார் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அதை நான் மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

சார் தன் அறைக்குக் கூப்பிட்டு, "என்னம்மா மஞ்சுளா, வருதா இல்லயா?" என்றார்.

"எனக்கு வரவில்லை சார்" என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. அவ்வளவோடு முடிந்திருக்கும். நான் சொன்னது, "அது வராது சார்."

"அப்ப அந்த ஸ்பெக்ட்ரம்? அவ காட்டினாளே?"

"அது வேற சாம்பிளோடதா இருக்கும்னு தோணுது சார்."

அவ்வளவுதான். ஒரு வாக்கியம். அதைச் சொன்னபோது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் ஓடியது, அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நஸ்ரீன் அழவில்லை, சண்டையும் போடவில்லை. "உங்க முன்னாடியே செஞ்சு காட்டறேன் சார்" என்றாள். என்னிடம் வந்து, "மஞ்சு, உன் சால்வென்ட் கொஞ்சம் குடேன், புதுசா இருக்கில்ல" என்று கேட்டாள். கொடுத்தேன். நல்ல மனசோடுதான் கொடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சார் பக்கத்தில் நின்று பார்க்க, இரண்டு நாள், இரண்டு தடவை செய்தாள். இரண்டு தடவையும் பழுப்புக் குழம்பு. சார் தன் அறைக்குப் போய்விட்டார். அவள் தன்னுடைய கண்ணாடிச் சாமான் எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, ஓவனில் காயவைத்து, வரிசையாக அடுக்கிவிட்டு, என் பக்கம் பார்க்காமல் கிளம்பினாள். மறுநாள் வரவில்லை. அதற்கு அப்புறமும் வரவில்லை. நான் போன் செய்தேனா? இரண்டு தடவை செய்தேன். அவள் எடுக்கவில்லை, எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது.

ஜெர்மனிக்கு நான்தான் போனேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். இதெல்லாம் நடந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு, ஆயுத பூஜை அன்று.

எங்கள் லேபில் ஆயுத பூஜையை விமரிசையாகச் செய்வார்கள். தராசு, வேக்யூம் பம்ப், ஓவன் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை, வாழைப்பழம், சுண்டல் என்று காலையிலேயே முடித்துவிடுவோம். அன்று எதையும் இயக்கக் கூடாது என்பது வழக்கம். பன்னிரண்டு மணிக்கெல்லாம் ஆளுக்கொரு பொரிப் பொட்டலத்தோடு கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் இருந்தேன். காரணம், நான் மாட்டிக்கொண்டிருந்தேன். என் தீசிஸ் எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் நஸ்ரீனின் அந்த ஆறாவது படியில்தான் வந்து நின்றது. ஜூனிலிருந்து அதையே போட்டுப் போட்டுப் பழுப்புக் குழம்பாக வடித்துக்கொண்டிருந்தேன். பூஜை முடிந்ததும் தலைப்பையே மாற்றிவிடலாம் என்று சார் சொல்லியிருந்தார். ஐந்து வருடம் போய்விடும். கடைசியாக ஒரு தடவை, யாருக்கும் தெரியாமல், குங்குமம் வைத்த சாமானைத் தொட்டு, ஐஸில் ஃபிளாஸ்க்கை வைத்துக் குளிரவிட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி இருக்கும். மழை பிடித்துக்கொண்டது. சட்டென்று கரண்ட் போய், ஏசி நின்றது. அறை புழுங்க ஆரம்பித்ததால் ஜன்னலைத் திறந்துவிட்டேன். பட்டப்பகல், நல்ல வெளிச்சம்தான். பேய்க்கதைக்கு வேண்டிய ஒன்றும் அங்கே இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு நஸ்ரீன் உள்ளே வந்தாள்.

பச்சை சுடிதார். துப்பட்டா முழுக்க நனைந்திருந்தது. வாஷ்பேசினில் அதைப் பிழிந்துவிட்டு, என்னவோ நேற்று மாலை வீட்டுக்குப் போனவள் இன்று வந்த மாதிரி, "இன்னாடி மஞ்சு, இன்னும் அதே ஃபிளாஸ்க்கா?" என்றாள்.

நான் குனிந்து ஃபிளாஸ்க்கைச் சுற்றி ஐஸைச் சரிசெய்தேன். பயத்தில் இல்லை, நம்பினால் நம்புங்கள், பயம் ஒரு துளிகூட இல்லை. வெட்கம். சர்ட்டிபிகேட் வாங்க வந்திருப்பாள், ஆபீஸ் லீவு என்று தெரியாமல் வந்து ஏமாந்திருப்பாள், இங்கே ஒதுங்கியிருப்பாள் என்று நானாக ஒரு காரணத்தைச் செய்துகொண்டேன்.

"வா... உக்காரு" என்றேன்.

அவள் தன்னுடைய பழைய ஸ்டூலை இழுத்துப்போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "பொரி எனக்கு இல்லயா?" என்று கேட்டாள். என் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். கடலையை மட்டும் பொறுக்கிப் பொறுக்கிச் சாப்பிட்டாள், எப்போதும் அப்படித்தான் சாப்பிடுவாள், பொரி எல்லாம் எனக்கு மிஞ்சும். தராசைப் பார்த்து, "குங்குமம் யார் வச்சது, இப்டி அப்பி வச்சிருக்கீங்க? நான் இருந்தா அழகா வச்சிருப்பேன்" என்று சொல்லிச் சிரித்தாள். உண்மைதான். மூன்று வருடமும் எங்கள் லேபுக்குச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தது அவள்தான்.

பத்து நிமிடம் இருக்கும். அவள் ஏதேதோ பேசினாள், நானும் பேசினேன். மன்னிச்சிடு நஸ்ரீன் என்கிற வார்த்தை என் நாக்கு நுனியில் வந்து நின்றுகொண்டே இருந்தது. இவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்திருக்கிறாள், யாரும் இல்லை, மழை பெய்கிறது, இதைவிட நல்ல நேரம் ஒருவருக்கு அமையாது. அந்த வாயைத் திறந்து நான் கேட்டது என்ன தெரியுமா?

"உனக்கு மட்டும் இது எப்டிடி வந்துச்சு?"

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் ரியாக்‌ஷனைப் பற்றிக் கேட்டேன். இன்றைக்கும் படுத்தால் இந்தக் கேள்விதான் வந்து நிற்கும்.

அவள் ஒன்றும் கோபப்படவில்லை. எழுந்து வந்து ஃபிளாஸ்க்கைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். "நீ ரொம்ப காய வச்சிட்ட மஞ்சு. அதுக்குத் தாகமா கீது. பொடியப் போடறதுக்கு முன்னாடி ஒரு சொட்டுத் தண்ணி வுடு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ரியாக்‌ஷனில் போடுகிற பொடி தண்ணீர் பட்டால் சீறும். ஈரமே ஆகாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். "இன்னா விளையாடறியா? தண்ணி பட்டா எல்லாம் போச்சு" என்றேன்.

"ஒரு சொட்டு தானேடி" என்று அவளும் சிரித்தாள். "பயந்துகினே இரு."

எப்படியும் குழம்புதானே ஆகப்போகிறது, சொட்டு விட சிரிஞ்ச் ஊசி எடுத்து வருகிறேன் என்று பக்கத்துச் சாமான் அறைக்குப் போனேன். இழுப்பறையைத் திறந்து, புது ஊசியைத் தேடி எடுத்து வர இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். வந்து பார்த்தால் ஸ்டூல் காலி.

பாத்ரூம் போயிருப்பாள் என்று நினைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டேன். பொடியைப் போட்டேன். லேசாகப் பொங்கி அடங்கியது. வழக்கமாகப் பத்து நிமிடத்தில் பழுப்பாகிவிடும். ஆகவில்லை. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று, நீர்மோர் மாதிரி வெளுப்பாகவே இருந்தது. நஸ்ரீன் வரவில்லை. போய்த் தேட வேண்டும் என்று தோன்றியது, தோன்றிக்கொண்டே இருந்தது, ஆனால் நான் நகரவில்லை. ஃபிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் எப்படிப்பட்டவள் என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

நாலரை மணிக்கு முதல் படிக ஊசி விழுந்தது. அப்புறம் கண்ணெதிரே, பொலபொலவென்று, வெள்ளை வெள்ளையாக. கரண்ட் வந்து விளக்கு எரிந்ததும் அவை மின்னின. அப்போதுதான் எழுந்து ஓடி, வராந்தா முழுக்க "நஸ்ரீன், நஸ்ரீன்" என்று கத்தினேன். மழைச் சத்தம்தான். அவள் பழைய நம்பருக்குப் போட்டேன், உபயோகத்தில் இல்லை என்றது.

லீவெல்லாம் முடிந்து ஸ்பெக்ட்ரம் எடுத்தேன். அவள் முன்பு எடுத்ததோடு ஒரு கோடு பிசகாமல் ஒத்துப்போனது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். அவள் பொய் சொல்லவில்லை. மழைக்காலத்து ஈரம், விரிசல் விட்ட மூடி, பழைய சால்வென்ட், இவைதான் அந்த ஒரு சொட்டு. சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று நான் அதைக் கொட்டிவிட்டு, அவள் நிரூபிக்க வந்த அன்று என் கையாலேயே காய்ந்த சால்வென்ட்டைக் கொடுத்திருக்கிறேன்.

அன்று மாலையே இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் போனேன். குளத்துக்குப் பின்னால், ஒரு சந்தில் மாடி வீடு. அவள் அம்மா கதவைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, முகம் கொஞ்சம் இறுகி, "உள்ள வாம்மா, வகுப்பு நடக்குது, இரு" என்றார். கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நஸ்ரீன் சாக்பீஸோடு வெளியே வந்தாள்.

அவளைப் பார்த்ததும் எனக்கு என்னவோ இடறியது. ரொம்ப இளைத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். நான்கு நாள் முன்னால் நான் பார்த்தவளைவிட பத்து வயது கூடின மாதிரி இருந்தாள்.

"வந்துடுச்சு நஸ்ரீன்!" என்றேன். "நீ சொன்ன மாதிரியே தண்ணி வுட்டேன், வந்துடுச்சு. அன்னிக்கி சொல்லாம கொள்ளாம எங்கடி போன?"

"என்னிக்கி?"

"ஆயுத பூஜை அன்னிக்கி. லேபுக்கு வந்தியே."

அவள் என்னையே பார்த்தாள். "நான் எதுக்கு அங்க வரணும்? அன்னிக்கி லீவுன்னு பசங்களுக்கு டெஸ்ட் வச்சேன். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் இங்கதான். வேணும்னா அவங்களயே கேளு."

கேட்க வேண்டியிருக்கவில்லை. முன்வரிசைப் பையன் ஒருவன் தானாகவே, "ஆமா மிஸ், ஃபுல் டே டெஸ்ட்டு" என்று அழமாட்டாத குறையாகச் சொன்னான்.

மாடிப்படியில் போய் உட்கார்ந்தோம். நடந்ததை எல்லாம் சொன்னேன். மழை, பொரி, கடலை, தாகமாக இருக்கிறது என்று அவள் சொன்னது, எல்லாம். அவள் இரண்டு தாளையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"தண்ணி வுடணும்னு எனக்குத் தெரியாது மஞ்சு" என்றாள் கடைசியில். "தெரிஞ்சிருந்தா சார் முன்னாடி அன்னிக்கே வுட்டிருக்க மாட்டேனா?"

நான் குனிந்து படியில் இருந்த தூசியைத் தட்டினேன்.

"நீ சார்கிட்ட இன்னா சொன்னன்னு எனக்குத் தெரியும். அவரே சொன்னார். மொதல்ல உன்மேல பயங்கர கோவம். அப்புறம் யோசிச்சு யோசிச்சு... ஒருவேள நான்தான் சாம்பிள மாத்தி வச்சிட்டேனோ, எனக்கே தெரியாம ஆசைல ஏதோ பண்ணிட்டேனோன்னு. ஒரு நாள் ஆமா, அப்டித்தான் பண்ணியிருப்பேன்னு நம்பிட்டேன். நீ சொன்னத நானே நம்பிட்டேன்டி."

உள்ளே பிள்ளைகள் சத்தம் போட ஆரம்பித்திருந்தார்கள்.

"இங்க மேத்ஸ் எடுக்கறேன், பிசிக்ஸ் எடுக்கறேன். கெமிஸ்ட்ரி மட்டும் எடுக்கறதில்ல. கை மேல நம்பிக்க இல்ல."

அப்போதுதான் கேட்டேன். மன்னிச்சிடு என்று. இரண்டு வருடமும் நான்கு நாளும் தாமதமாக. அவள் கொஞ்ச நேரம் அந்தத் தாளில் இருந்த கோடுகளை விரலால் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "சரி" என்றாள். எதற்குச் சரி என்று நான் கேட்கவில்லை. எழுந்து போகும்போது திரும்பி, "அன்னிக்கி வந்தாளே, அவ சிரிச்சாளா?" என்று கேட்டாள். சிரித்தாள் என்றேன்.

"அப்ப அது நான் இல்ல மஞ்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவள் வந்ததைத் தவிர. நான் சொன்ன அந்த வாக்கியம் பொய் என்பதையும், ஜெர்மனி மேல் எனக்கு இருந்த ஆசையையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "நானும் அவசரப்பட்டுட்டேன்மா" என்றார். கட்டுரையில் நஸ்ரீன் பெயர் முதலில் போயிற்று, வெளியாகவும் செய்தது. சாரே அவள் வீட்டுக்குப் போய்த் திரும்ப வரச் சொன்னார். அவள் டீ போட்டுக் கொடுத்து, மரியாதையாகப் பேசி அனுப்பிவிட்டாள். வரவில்லை. வராததற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது.

இது இங்கே முடிந்திருந்தால் எனக்கு ஒரு மாதிரி சமாதானம் ஆகியிருக்கும். மூளைக் களைப்பு, குற்றவுணர்ச்சி, புழுக்கம், தண்ணீர் விடலாம் என்பது எனக்கே எங்கோ அடியில் தோன்றியிருக்கும், அதற்கு அவள் முகத்தைப் போட்டுக்கொண்டேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்களும் அதைத்தான் சொல்லப்போகிறீர்கள், தெரியும். அதை உறுதி செய்துகொள்ளத்தான் ஒரு நாள் கீழே வாட்ச்மேனிடம் போனேன். ஏழுமலை அண்ணன் என்று பெயர், அந்த வருடம்தான் வேலைக்கு வந்தவர், நஸ்ரீனைப் பார்த்ததே கிடையாது. எங்கள் கட்டடத்துக்கு ஒரே வாசல், ஒரே படிக்கட்டு. லீவு நாளில் வருகிறவர்கள் அவரிடம் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

"அண்ணே, ஆயுத பூஜை அன்னிக்கி மத்தியானம் யாரும் வரல இல்ல? நான் மட்டும்தானே இருந்தேன்?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடுவார், போய்விடலாம் என்று இருந்தேன்.

"இன்னாமா இப்டி கேக்குற? ஒரு பொண்ணு வந்துச்சே மழைல நனைஞ்சிகினு. பச்ச டிரெஸ்ஸு."

"நோட்டக் காட்டுங்கண்ணே" என்றேன்.

"நோட்டுல இருக்காதும்மா. அது கையெழுத்து போடல. நானும் கூப்ட்டுக் கேட்டேன், யம்மா, வெளிய இருந்து வர்றவங்க எழுதிட்டுத்தான் போவணும்னு. அதுக்கு சிரிச்சிகினே சொல்லுது, 'நான் எப்பண்ணே வெளிய போனேன், ரெண்டு வருசமா உள்ளதான கீறேன்'னு. சரி, இங்க படிக்கிற பொண்ணு போல, சும்மா தாழ்வாரத்துல நின்னு மழைய வேடிக்க பாத்துட்டு வருதுன்னு வுட்டுட்டேன்."

"திரும்பி எப்ப போச்சு?"

ஏழுமலை அண்ணன் யோசித்தார். "போவலியேம்மா. ஆறு மணி வரிக்கும் நான் இந்த நாற்காலிய வுட்டு எய்ந்திருக்கல. நீ மட்டும்தான் எறங்கிப் போன. அது போவல."

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அந்த லேபில் வேலை செய்தேன். அவள் வரவே இல்லை. ஒரு சத்தமில்லை, ஒரு நிழலில்லை, எதுவுமில்லை. பயமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஜன்னல் பக்கத்து மேஜையை யாருக்கும் கொடுக்க நான் விடவில்லை, அவ்வளவுதான். டாக்டர் பட்டம் வாங்கினேன். இப்போது கிண்டி பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் இருக்கிறேன். நஸ்ரீனுக்கு ரம்ஜானுக்கு வாழ்த்து அனுப்புவேன், அவளும் பதில் போடுவாள், ஒரு வார்த்தையில்.

லேபைவிட்டு நான் கிளம்பிய கடைசி நாள் சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, விளக்கை அணைத்துவிட்டுப் பூட்ட வந்தேன். பூட்டவில்லை. கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒரு ஆள் ஜன்னலோரத்திலிருந்து எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, நிதானமாக நடந்து வெளியே வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றேன். அதற்குமேலும் கொஞ்சம் நின்றேன். "வாடி, போலாம்" என்று சொல்லியும் பார்த்தேன்.

யாரும் வரவில்லை. பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு என்னைத் தாண்டி யாராவது வெளியே போனார்களா, இல்லை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வந்துவிட்டேனா என்பது எனக்கு இன்னும் தெரியாது.